குரல் சரியில்லை

பாயான் பாரு நகரில் வாடகைக்கு எடுத்த அறையில், நேற்றைய கச்சேரியின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லும்போது ஆள் பெயரைச் சொல்லக்கூடாது, வாத்தியத்தைத்தான் சொல்ல வேண்டும் என்பது ராக் குழுத் தலைவி கிளாரிஸ் வைத்த சட்டம்.

“டிரம்ஸ் தாளத்த விட்டு முன்னால ஓடுது. குரல் மேல ஏறவே மாட்டேங்குது. குரல மாத்திடலாம்,” என்றாள்.

டிரம்ஸ் வாசிக்கும் மேத்யூவுக்குச் சுருக்கென்றது. “இருபது வருசமா பாடுற குரலாச்சே அக்கா. பாவம் லா!”

“உன் தம்பி பிரவின, கிட்டாரு சரியில்லன்னு அனுப்புனப்போ பாவம் பாத்தேனா?”

“இல்லதான். ஆனா இத அந்தக் குரல்கிட்ட யாரு சொல்றது?”

“சொல்லியாச்சு.”

கிளாரிஸ் இருபது வருடமாகத் தான் பாடிய மைக்கைக் கழற்றி, கோரஸ் பாடும் அர்ச்சனாவிடம் நீட்டினாள்.

“சனிக்கிழமை கச்சேரியில நீ பாடு. பிரவின் இடத்துல நான் வாசிக்கிறேன். சரியில்லன்னா, கிட்டாருன்னு மட்டும் சொல்லுங்க.”