கதவைச் சாத்திக்கொண்டு

"இவரு கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தே போடறதில்ல டாக்டர்!" உட்காருவதற்கு முன்பே யாசுகோ புகாரைக் கொட்டினாள். "குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, போட்டாச்சுன்னு சொல்றாரு. கண்ணு எப்படிச் செவந்து கெடக்கு, பாருங்க."

கணவர் மொரிஹிதே வாயே திறக்கவில்லை. மிசோ சூப் நாக்கைச் சுட்டாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர்.

கனசாவா நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் இகராஷி, அவர் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து நீல விளக்கைக் காட்டினார். திரையில் கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மினுங்கின.

"அம்மா, பழைய குறிப்பெல்லாம் பாத்தேன். ஆறு வருஷமா அழுத்தம் ஏறவே இல்ல. மருந்தை விட்டிருந்தா இப்படி இருக்காது. இந்தப் புள்ளியெல்லாம் புண்ணு. மருந்து கெடாம இருக்க ஒண்ணு கலக்கறாங்களே, அது அரிச்சது. ஒவ்வொரு சொட்டும் நெருப்பா எரிஞ்சிருக்கும். அது கலக்காத மருந்து இருக்கு, மாத்தித் தரேன்."

யாசுகோ திரையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ மனசு கேக்காம, 'இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க'ன்னு சொல்லுவே," என்றார் மொரிஹிதே. "நானும் அன்னைக்கோட விட்டிருப்பேன்."

யாசுகோ எழுந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் முறையாக, பெரியவர்கள் முன்னால் குனிவதுபோல, கணவர் முன்னால் இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்தாள்.