அமிலத்தில் நீரை

படிவத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டாள். இனி எழுத வேண்டியதுதான்.

மேசையில் இரண்டு புத்தகங்கள். இரண்டும் கனிம வேதியியல். இளநிலை முதலாண்டு, தமிழ்வழிப் பிரிவு. இரண்டில் ஒன்றைப் பாடநூலாகப் பரிந்துரைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள்.

ஒன்று கனமானது. உள்ளே வண்ணப் படங்கள்.

இன்னொன்று மெலிந்தது. அட்டையில் ஊதா நிறப் படிகம், கொஞ்சம் மங்கலாக. அதன் முன்னுரையின் கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. ஆறாம் இயலை மொழிபெயர்த்து உதவியவர்.

அப்போது அவள் ஆய்வு மாணவி. புத்தகம் வந்ததும் முன்னுரையை மட்டும் விரித்து அப்பாவிடம் காட்டினாள். அதற்குப் பிறகு அந்த இயலைத் திறந்ததே இல்லை. பெயர் உள்ளே இருக்கிறது. அது போதுமாக இருந்தது.

எதிர் மேசையில் துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க புக்குக்கு நீங்களே ஓட்டுப் போடுதீங்களா மேடம்? நடக்கட்டும், நடக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே மெலிந்த புத்தகத்தின் பெயரை எழுதினாள்.

அடுத்த கட்டம்: பரிந்துரைக்கான காரணம்.

எளிய நடை, என்று எழுதினாள். சான்றுக்கு ஒரு வரி வேண்டும். தன்னுடைய வரியாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. ஆறாம் இயல். கந்தக அமிலம்.

‘அடர் அமிலத்தில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கலக்கிக்கொண்டே நீர்க்கச் செய்ய வேண்டும்.’

நல்ல வரி. தடங்கல் இல்லாமல் ஓடியது.

பாதி எழுதியபின்தான் கை நின்றது.

அமிலத்தில் நீரை.

நீரில் அமிலத்தை அல்ல.

சொற்கள் எல்லாம் சரியாக இருந்தன. வால்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. ஓர் ‘இல்’. ஓர் ‘ஐ’.

நீரில் அமிலத்தை விட்டால் நீர் சூடேறும், அவ்வளவுதான். அமிலத்தில் நீரை விட்டால் நீர் விழுந்த இடத்திலேயே கொதிக்கும். அமிலத்தையும் சேர்த்து முகத்துக்கு எறியும். வேதியியலில் முதல் நாள் சொல்லித்தருவது இது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எங்கோ போய்விட்டது.

அச்சகத்தின் பிழையாக இருக்கட்டும்.

கைப்பேசியில் பழைய மின்னஞ்சல்களைத் தேடினாள். ஏழு ஆண்டுகள் கீழே இறங்க வேண்டியிருந்தது. அவள் தட்டச்சு செய்து அனுப்பிய கோப்பு இன்னும் அங்கேயே கிடந்தது.

அதே வரி. அதே வால்கள்.

இசக்கியம்மாள்.

பெயர் தானாக வந்து நின்றது.

சென்ற ஆண்டு. முதலாண்டு ஆய்வகத்தில் மூன்றாவது மேசை. பீக்கரிலிருந்து சீறிக்கொண்டு ஒரு சத்தம். இடக் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. தாடையில் ஒரு சொட்டு. கண்ணில் படவில்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அன்று ஆய்வகப் பொறுப்பு இவளுடையது. கட்டுப் போட்டுத் திரும்பி வந்த பிள்ளையிடம் வெள்ளைத் தாளை நீட்டியதும் இவள்தான். என் கவனக்குறைவால், என்று தொடங்கச் சொன்னாள்.

புக்குல போட்டிருந்த மாரிதான் செஞ்சேன் மிஸ், என்றது அந்தப் பிள்ளை.

எந்தப் புத்தகமும் அப்படிப் போடாது என்றாள் இவள். வகுப்பில் எத்தனை தடவை சொன்னேன் என்றும் கேட்டாள்.

சொல்லித்தான் இருந்தாள். ஆங்கிலத்தில்.

காயம் இடக் கையில். அதனால் இசக்கியம்மாளால் எழுதிக் கொடுக்க முடிந்தது.

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். துறைத் தலைவர் ஏதோ கேட்டார். புத்தகம் மட்டும் கையில் இருந்தது. விரல் அந்தப் பக்கத்துக்குள்.

இரண்டாமாண்டு வகுப்பில் இன்னும் ஆசிரியர் வரவில்லை. வாசலில் இவளைக் கண்டதும் பெஞ்சு பெஞ்சாகப் பேச்சு அடங்கியது.

இசக்கியம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். மணிக்கட்டைத் தாண்டி இறங்கும் முழுக்கைச் சுடிதார். இந்த வெயிலில்.

புத்தகத்தை விரித்தாள். வரியின் கீழ் விரலை வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்.

இசக்கியம்மாள் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அந்த வரியைச் சொன்னாள், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, தேர்வுக்குப் படித்ததைப் போல.

“அன்னைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கலாமே.”

“அதுல உங்க பேரு இருக்கே மிஸ்.”

வகுப்புக்குள் யாரோ டெஸ்கில் தாளம் போட்டார்கள். யாரோ அதட்டினார்கள்.

இவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது போல. சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்:

“ஒண்ணும் பயமில்ல மிஸ். லைப்ரரில உள்ள பதினோரு புக்குலயும் மாத்தி எழுதிட்டேன். ஸ்டாஃப் ரூம் புக்குதான் கைக்குக் கிடைக்கல.”

புத்தகத்துக்காக இடக் கையை நீட்டினாள்.

வலக் கையிலிருந்த பேனாவின் மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது.