அணையா விளக்கின் எண்ணெய்

இரண்டாம் உலகச் சண்டைக்காலம், ஆவடி. உயிர்க்கொலையைப் போலப் பாவமில்லை என்று வாழும் வள்ளலார் அன்பர் ஏகாம்பரம், ஏழு வருஷமாக அணையவிடாத ஜோதிக்கு முன்னால் எண்ணெய் டின்னோடு நிற்கிறார். கடைகளில் நல்லெண்ணெய் கிடைக்காமல் போனதும், பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு தஸ்தகீர் கொண்டுவந்து கொடுத்த டின். ஒரு மாதமாக இதுதான் எரிகிறது. ஓட்டுச் சந்து வழியே விழும் காலை வெயிலில் டின்னைத் துடைக்கிறார். அழுக்குக்கு அடியிலிருந்து வாலைத் தூக்கிய பெரிய மீன் ஒன்றின் படம் எழுந்து வருகிறது. வாசலில் வந்து நிற்கும் தஸ்தகீரிடம் டின்னைக் காட்டுகிறார். “இன்னா தஸ்தகீரு இது?” “திமிங்கிலம், அண்ணாத்தே. வெள்ளக்காரன் கப்பல்ல போயி, ஈட்டியால குத்தி, கொழுப்ப உருக்கி எடுக்கறான். நாங்க மெஷினுக்கு ஊத்துவோம்.” ஏகாம்பரத்தின் கையிலிருந்து டின் நழுவி, உருண்டுபோய் வாசற்படியில் முட்டுகிறது. “உசுருடா அது!” “மீனுதானே? வெளக்கு அணைஞ்சிடப் போவுதுன்னு நீதானே அழுதுகினு இருந்தே?” தஸ்தகீர் உண்மையாகவே புரியாமல் விழிக்கிறான். ஏகாம்பரம் திரியை அணைக்க இரண்டு விரலை நீட்டுகிறார். சுடருக்கு அரை அங்குலத்தில் அவை நின்றுவிடுகின்றன. எந்த எண்ணெயிலும் இல்லாத அமைதியோடு, கொஞ்சமும் ஆடாமல், ஜோதி எரிகிறது.