நல்லாத்தான் இருக்கேன்

"நீங்க நல்லா இருக்கீங்களாம். அதனால ஆபரேஷனுக்குப் பணம் தர மாட்டாங்களாம்."

மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள். குரலில் மருந்துக்குக்கூட இரக்கம் இல்லை. அங்கே வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'முட்டுக்கட்டை'; அது வருகிறவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

கூட வந்திருந்த மகள் திகைத்துப்போனாள்.

"யாரு சொன்னா நல்லா இருக்காருன்னு? நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினா மூச்சு இரைக்குது மேடம். ஹார்ட் வால்வு சுருங்கிடுச்சு, தள்ளிப் போடாதீங்கன்னு உங்க டாக்டர்தானே சொன்னார்?"

"உங்கப்பாதான் சொன்னாராம். காலையில இன்ஷூரன்ஸ் கம்பெனி டாக்டர் போன் பண்ணி, எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்கார். 'ராஜா மாதிரி இருக்கேன்'னு சொல்லிட்டு இவர் வெச்சுட்டார். பேசும்போதே மூச்சு வாங்கினாத்தான் உடனே ஆபரேஷன். இல்லேன்னா ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கணும். அவங்க விதி அப்படி."

ஆறு மாசம் தாங்காது என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தது மகளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே ராஜா மாதிரி நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"முன்னப்பின்ன தெரியாத ஆளு..." கொஞ்சம் நிறுத்தினார். "அவர்கிட்ட போய் என் மூச்சைப் பத்தி... எதுக்கும்மா சொல்லணும்?"

"அவரு டாக்டர்ப்பா!"

"இருக்கட்டுமே. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா... நல்லா இருக்கேன்னு சொல்றதுதான் மரியாதை."

கவுன்ட்டர் பெண்மணி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. உள்ளே போய் ஒரு நர்ஸிடம் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து யாருக்கோ போன் போட்டாள். தணிந்த குரலில் பேசினாள். பிறகு போனைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியவரே, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கண்டக்டர். பதினேழாம் நம்பர் பஸ்."

மகளால் சும்மா இருக்க முடியவில்லை. அத்தனை கவலையிலும் அவள் முகம் மலர்ந்தது.

"அப்பா குரல் கொடுத்தா கடைசி சீட்டுல தூங்கறவங்களும் முழிச்சுக்குவாங்க மேடம். மொத்த ஸ்டாப்பையும் ஒரே மூச்சுல சொல்வார். அதைக் கேக்கறதுக்காகவே முன்னாடி வர்ற பஸ்ஸை விட்டுட்டு இவர் பஸ்ஸுல ஏறுவாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க." பெண்மணி உதட்டைப் பிதுக்கினாள். "எங்க, சொல்லட்டும் பார்ப்போம்."

"இப்பவா? மேடம், அவரால..."

"முடியலேன்னா விட்டுடுங்க. வாய்ச்சவடால் ஆளுக்கு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்."

கண்டக்டர் எழுந்துவிட்டார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தோளில் இல்லாத பணப்பையைச் சரிசெய்ய இடது கை தானாகப் போய் வந்தது.

"பழைய பாலம், தபாலாபீஸ், தண்ணித்தொட்டி, மணிக்கூண்டு..."

வெண்கலக் குரல்! காத்திருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவர், "அட, நம்ம பதினேழாம் நம்பர்!" என்று கத்தியேவிட்டார்.

"கோர்ட்டு... பெண்கள் பள்ளி... நூல்... மில்லு..."

குரல் உடைந்தது. கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மார்பு ஏறி ஏறி இறங்கியது.

"போதும்ப்பா, உட்காருங்க!"

"அப்புறம்?" என்றாள் அந்தப் பெண்மணி.

"ஆ... ஸ்..."

அதற்கு மேல் வரவில்லை. நாற்காலியில் சரிந்தார். கொல்லன் துருத்தி போல அவர் மூச்சு இரைவது மட்டும்தான் அந்தக் கூடத்தில் கேட்டது. சொல்லிவைத்தாற்போல் ஒரு நர்ஸ் ஆக்சிஜனோடு வந்து நின்றாள்.

மகள் வெடித்தாள். "மனசாட்சி இருக்கா உங்களுக்கு? முடியாத மனுஷனை நாலு பேர் முன்னால நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறீங்களே! முட்டுக்கட்டைன்னு சும்மாவா பேர் வெச்சாங்க!"

"ரொம்பத் தப்பு மேடம்," என்றார் மாவுக்கட்டுக்காரரும்.

பெண்மணி கவுன்ட்டர் மேலிருந்த போனைக் கையில் எடுத்தாள்.

"கேட்டீங்களா டாக்டர்?"

"கேட்டேம்மா." போனிலிருந்து ஒரு குரல் வந்தது. "காலையில மூணே வார்த்தையில என்னை ஏமாத்திட்டாரே மனுஷன்! ஆஸ்பத்திரி ஸ்டாப் வர்றதுக்குள்ள வண்டி நின்னுபோச்சு. உடனே ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க. அனுமதியை இப்பவே அனுப்பறேன். மிச்ச ஸ்டாப்பையெல்லாம் அவர் குணமானதும் கேட்டுக்கறேன்."

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

திட்டிய வார்த்தைகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் மகள் நின்றாள்.

கண்டக்டர் மட்டும் விடுவதாக இல்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிவிட்டுப் போனை நோக்கிக் குனிந்தார்.

"டாக்டர் சார், இன்னிக்குத் தொண்டைதான்... கொஞ்சம் கட்டியிருக்கு. மத்தபடி நான் நல்லாத்தான் இருக்..."

பெண்மணி சட்டென்று போனை அணைத்தாள். திரையில் வந்திருந்த அனுமதியை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் சிரித்தாள்.

"அனுமதி வந்தாச்சுங்க ஐயா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் நல்லா இருங்க."