பேச்சியம்மாள் வீட்டு உருளைக்கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி வீட்டிலிருந்து கறி மசாலா வாசனை வந்ததும் முனிலட்சுமிக்கு நம்பவே முடியவில்லை. பரவாயில்லையே, இன்னிக்காவது பேச்சியம்மாள் பிள்ளைகளுக்குக் கறி எடுத்திருக்கிறாளே என்று எட்டிப் பார்த்தாள்.

சட்டியில் தேங்காய், பட்டை, கிராம்பு, கொத்தமல்லி எல்லாம் குறையில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. கறி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் உருளைக்கிழங்கு.

"என்னாம்மா இது? வாசனையக் காட்டிப் பிள்ளைங்கள ஏமாத்தறியா?"

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சிக்கனமா இருக்கணும்லாக்கா. பிள்ளைக ஆசையாத்தான் சாப்பிடுதுக."

ஜூஜுவாடியில் முனிலட்சுமிக்கு வரிசையாக வாடகை வீடுகள். பேச்சியம்மாள் குடும்பம் தென்காசிப் பக்கம். புருஷன் மூர்த்திக்குச் சூளகிரி தாண்டி ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை, நல்ல சம்பளம். அப்படியிருந்தும் கொஞ்ச காலமாக அந்த வீட்டுக்குள் உருளைக்கிழங்கைத் தவிர வேறு காய் நுழைவதே அபூர்வம். சப்பாத்திக்கு அதுதான், புளிக்குழம்பில் அதுதான், ராத்திரி உப்புமாவில்கூட அதையே பொடியாக நறுக்கிப் போட்டுவிடுகிறாள். அதிலும் பார்த்தால் பாதிக் கிழங்கு வெட்டுப்பட்டதும் புள்ளி விழுந்ததுமாக இருக்கும்.

முனிலட்சுமிக்கு மனசு பொறுக்கவில்லை. பொறுக்காததைத் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள். சம்பாதிப்பதை எல்லாம் ஊருக்கு அனுப்பி வீடு கட்டுகிறார்கள் போல, அதற்குப் பிள்ளைகள் வயிற்றிலா கை வைப்பது என்று கேட்டாள். பக்கத்து வீட்டு நாராயணம்மா சிரித்தாள். அதற்கப்புறம் கடைசி வீட்டுக்கு 'கெழங்கு வீடு' என்றே பேராகிப் போனது. பேச்சியம்மாள் காதிலும் அது விழுந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒருநாள் முனிலட்சுமி ஒரு கிண்ணம் கோழிக் குழம்பை எடுத்துப்போய், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, வளர்ற பிள்ளைங்க, பாவம் என்று சொல்லிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பேச்சியம்மாள், கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று சாயங்காலம் அதில் உருளைக்கிழங்குப் பொடிமாஸ் வைத்துக் கொண்டுவந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து மணமாகத்தான் இருந்தது. முனிலட்சுமி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்க்க வந்தவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் சூளகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். முனிலட்சுமிக்கு அந்தப் பக்கம் போகவே இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. பிறந்த ஊர் அங்கே பக்கத்தில்தான். அப்பாவுக்குப் பிறகு நிலத்தைப் பிரித்தபோது அவள் தன் பங்கை வீட்டு மனை போடுகிறவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில்தான் ஜூஜுவாடியில் வீடுகள் கட்டினாள். தம்பி சென்னப்பன் விற்க மாட்டேன் என்றான். விவசாயம்தான் பார்ப்பேன் என்றான். "அந்த மண்ணையே கட்டிக்கினு அழு" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

விசேஷம் முடிந்து, தாம்பூலப் பையோடு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றாள். கம்பெனிகள் விடும் நேரம். எதிரே புளியமரத்தடியில் உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கி வைத்து ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பைக் வந்து நின்றது. யூனிபாரத்தோடு இறங்கியவன் மூர்த்தி.

இன்னிக்கும் கெழங்கா! வீட்டுக்காரியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, இவனையே நேராகக் கேட்டுவிடலாம் என்று முனிலட்சுமி அந்தப் பக்கம் நடந்தாள். விற்கிறவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மூர்த்தியும் குனிந்திருந்ததால் அவளைப் பார்க்கவில்லை.

"நல்ல கிழங்கு எல்லாம் மத்தவங்களுக்கு இருக்கட்டும்ணே. வெட்டுப்பட்டது, புள்ளி விழுந்தது எல்லாத்தையும் என் பையில போடுங்க. வீட்ல செதுக்கி எடுத்துட்டு ஆக்கிருவா" என்றான் மூர்த்தி.

விற்கிறவன் கையை நிறுத்திவிட்டான். யாவாரி வேணாம்னு விட்டுட்டுப் போன நாள்லேர்ந்து நீயும்தான் வாங்கிக்கினு இருக்க, போதும்பா, பிள்ளைங்களுக்கு வேற காய் வாங்கிக் குடு என்றான்.

"எங்கப்பா தக்காளி விலை போகாம கூடையோட ரோட்டுல கொட்டிட்டு வந்து, சாப்பிடாமப் படுத்தவருண்ணே. பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். நீங்க போடுங்க."

அவன் புள்ளி விழுந்தவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டான். பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"தம்பி, உங்க வீட்டு ஓனரம்மா எப்பவாச்சும் கேட்டா, சிக்கனத்துக்குத்தான் வாங்கறோம்னே சொல்லிடுங்க. நான் இப்படி ரோட்டுல நிக்கறது எங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."



முனிலட்சுமி முன்பக்கமாக வந்து மூட்டைக்கு எதிரே உட்கார்ந்தாள். சென்னப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புள்ளி விழுந்த கிழங்குகளாகப் பார்த்துப் பொறுக்கி அந்தப் பையில் போட ஆரம்பித்தாள்.