இன்னும் ஒரு லாக்

"நாங்கள் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டோம். இந்தப் புகாரை மூடிவிடலாம். நன்றி."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அவன் காபியைக் கீழே வைத்தான்.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்கிற வகை டேட்டாபேஸ் அது. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பத்திருபது பேர் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் சொன்ன பகுதி அவன் பொறுப்பு.

அவள் ஒரு கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்தாள். இரண்டு கவுன்ட்டரில் ஒரே நோயாளியின் விவரத்தைத் திறந்தால், நீ முதலில் முடி, நீ முதலில் முடி என்று ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டு கணினியுமே நின்றுவிடும். வரிசை வாசலைத் தாண்டிப் போகும். கண்ணில் சொட்டு மருந்து விட்ட கிழவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

பிழை எங்கே என்று மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாலு வரி மாற்றினால் போதும். மாற்றித் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டான்.

நின்றுபோன நேரத்தில் கணினி தானாக எழுதிவைத்த லாக் இன்னும் ஒன்று அனுப்ப முடியுமா என்று பதில் போட்டான்.

அனுப்பினாள்.

எந்தப் பதிப்பு என்று கேட்டான். சொன்னாள். மறுபடி நடந்ததா என்றான். நடந்தது என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில். நீயா நீங்களா என்கிற சங்கடம் அதில் இல்லை.

ஒரே ஒரு முறை, கடைசி வரியாக, இங்கே விடாமல் மழை என்று எழுதியிருந்தாள். அதற்கு என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, லாக் கிடைத்தது என்று எழுதினான்.

அதற்கப்புறம் வந்ததுதான் இது.

கூடப் பொறுப்பில் இருக்கும் நண்பன் போனில் வந்தான். "ஏன்டா இதைப் போட்டு இவ்ளோ இழுத்தே? பாவம், அந்தம்மா எத்தனை தடவைதான் சொல்வாங்க?"

"சேத்துடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

வேறு எங்காவது யாராவது வரிசையில் நிற்கக் கூடும். அந்த நாலு வரியை எல்லாருக்குமாகச் சேர்க்க உட்கார்ந்தான். கூடவே குறிப்பில், பிழையைச் சொன்னவரின் முழுப் பெயரைப் போடுவது வழக்கம்.

அடித்துவிட்டுப் பார்த்தான். சேர்ந்திருந்த வருடங்களில் எத்தனையோ விண்ணப்பங்களில், மனைவி பெயர் என்ற இடத்தில் எழுதிப் பழகிய கை, அவள் பெயருக்குப் பின்னால் அவன் பெயரையும் சேர்த்து அடித்திருந்தது.

பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.