மைக் இறங்கிய உயரம்

குள்ளமான போதகர் ஞானசிகாமணி ஐயா மாற்றலாகிப் போனதிலிருந்து கோயில் மைக்குக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. நெட்டையான புதுப் போதகர் எவ்வளவு உயர்த்தி வைத்தாலும், பிரசங்கத்துக்கு நடுவே சர்ரென்று பழைய உயரத்துக்கு இறங்கிவிடும். சபையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

“ஏம்ல இப்படிப் பண்ணுத?” என்று கேட்டது பிரசங்க பீடம்.

“ஐயா திரும்பி வந்துட்டா அவுகளுக்கு எட்டாதே, அண்ணாச்சி!”

அடுத்த ஞாயிறும் மைக் இறங்கியது. புதியவர் இந்தமுறை அதைத் தூக்கவில்லை. முதுகு வளைய அதன் உயரத்துக்கே குனிந்து ஜெபித்தார்.

“ஆண்டவரே, எங்கள் ஞானசிகாமணி ஐயாவை அவர் போன ஊரிலும் ஆசீர்வதியும்.”

“ஆமென்” சொல்லி நிமிர்ந்தவர், மைக்கையும் மெல்ல உயர்த்தினார். அதன் கழுத்து ஒருமுறை நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை.